மீசைத் தாத்தா

மகன் அருண்ராஜுக்கு எக்கியார்குப்பத்துக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில், மாலை போட்டிருந்த மீசைக்காரர் படத்தைப் பார்த்ததும் தட்சணாமூர்த்தி கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"யாருங்க இவரு?"

"எங்க தாத்தாங்க. தனியாளா சுறா புடிச்சவரு," என்றார் பெண்ணின் அப்பா சக்கரபாணி.

"எங்க வீட்லயும் இவருதாங்க தாத்தா! கெழவன் இங்க ஒரு குடும்பம் வெச்சிருந்தானா? அப்போ பொண்ணு இவனுக்குத் தங்கச்சி. டேய் அருணு, எழுந்திரு!"

அருண்ராஜுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்திருந்தது. கால் எழவில்லை.

சக்கரபாணி பதறினார். "உக்காருங்க சம்பந்தி! எங்க தாத்தா படம் சுனாமியில போயிடுச்சு. மரக்காணத்து ஸ்டுடியோவுல மீசை எடுப்பா இருக்குதேன்னு யாரோட படத்தையோ வாங்கி மாட்டிட்டேன்."

தட்சணாமூர்த்தி தன் மீசையைத் தடவிக்கொண்டார். "எங்க தாத்தா மீசைன்னா சும்மாவா! சுனாமியில நனைஞ்ச படத்தை எம்புள்ளதான் சரிபண்ணி எடுத்தாந்தான். முன்னைக்கு இப்ப இன்னும் கம்பீரம்!"

சரிபண்ணக் கொண்டுபோன படத்தில் முகமே இல்லை என்பதையும், தானும் அதே ஸ்டுடியோவில்தான் இந்த மீசையை வாங்கினோம் என்பதையும் அருண்ராஜ் கேசரியோடு சேர்த்து விழுங்கினான்.