நான்காம் அங்கத்தில் வெளிநடப்பு

"கால்ல விழணுமா, சொல்லுங்க, விழறேன். நாலாவது அங்கம் மட்டும் ஒழுங்கா முடியட்டும்," என்றார் திபோ.

"விழாதீங்க. முட்டி வலின்னு போன வாரமே புலம்பினீங்க. அப்புறம் உங்களைத் தூக்கிவிட ஆள் வேணும். எங்கள்ல ஆறு பேரைத்தான் துவால் குறைச்சுட்டாரே," என்றாள் சொலான்ஜ்.

பாரிஸில், மெட்ரோ கடைசியாக நின்றுவிடுகிற பகுதியில் இருக்கும் ஓப்ரா அரங்கு அது. முதல் நாள் காட்சி, இடைவேளை. திபோ இயக்குநர். சொலான்ஜ் கோரஸ் பாடகி. சங்கத்துக்கும் அவள்தான் தலைவி.

ஓப்ரா பழையது. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து நெசவாளர்கள் திரண்டுபோய் பிரபுவின் அரண்மனையைப் பிடிக்கிற கதை. இன்றைய ரசிகர்களுக்குப் புரிய வேண்டுமே என்று திபோ பிரபுவைக் கம்பெனி முதலாளியாக்கிக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்திருந்தார். நெசவாளர்கள் முதுகில் சாப்பாடு டெலிவரி செய்பவர்களின் பெரிய சதுரப் பை. முதல் மூன்று அங்கங்களில் ரசிகர்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. நிறையப் பேருக்குக் கொட்டாவி வந்தது.

அன்று மத்தியானம்தான் அரங்கின் மேலாளர் துவால் ஆறு பாடகர்களைக் கூப்பிட்டு, இந்த சீசனோடு சரி என்று சொல்லியிருந்தார். அதில் ஒருத்தி ஒதில். மேடையில் எப்போதும் சொலான்ஜுக்குப் பக்கத்தில் நிற்பவள்.

"ஏழை நெசவாளிக்காக நாங்க தொண்டை கிழியப் பாடணும். கீழ இறங்கினா ஒதிலுக்கு வேலை இல்ல. நல்லா இருக்கு சார் உங்க புரட்சி!"

"நடுவுல பாடாம இறங்கிப் போனா அது முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் சொலான்ஜ்! சட்டப்படி நாளைக்கே உங்க எல்லாரையும் அந்த ஆள் வீட்டுக்கு அனுப்பலாம்."

"அனுப்பட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டில் கணவருக்கும் வேலை இல்லை.

"என் நிலைமையையும் பாருங்க. பல வருஷம் கழிச்சு ஒரு வாய்ப்பு. இதுவும் படுத்துட்டா, நான் நிஜமாவே அந்தப் பையை மாட்டிக்கிட்டு சைக்கிள் மிதிக்கணும்."

"பை இங்கயே நிறையக் கிடக்கு. உங்க அளவுக்கு ஒண்ணு எடுத்து வெச்சுக்குங்க."

மணி அடித்தது. திபோ நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஓடினார். பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டாள் சொலான்ஜ்.

நான்காம் அங்கம். நெசவாளர்கள் கண்ணாடி அறையைச் சூழ்ந்துகொண்டு முழங்க வேண்டிய இடம். இசைக்குழு நடத்துநர் கோலை உயர்த்தினார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சொலான்ஜ் திரும்பினாள், மேடையிலிருந்து இறங்கினாள். பின்னால் மொத்தக் கோரஸும் முதுகில் பையோடு இறங்கியது.

நாற்காலிகளுக்கு நடுவே நடந்தார்கள். திடீரென்று அரங்கின் விளக்குகள் எல்லாம் எரிந்தன. யார் யார் என்று அடையாளம் பார்க்கத்தான் துவால் போடச் சொல்லியிருக்கிறார் என்று அவளுக்குப் பட்டது. யார் முகத்தையும் பார்க்காமல், வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

வெளியே சரியான குளிர். நிஜமான டெலிவரிக்காரன் ஒருவன் சைக்கிளை நிறுத்தினான்.

"இத்தனை பேரா? ஒரே ஆர்டருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒதில் அழுதுகொண்டிருந்தாள். "என்னால உங்க எல்லார் பொழைப்பும் போச்சே."

"வாயை மூடு. மூக்கைத் துடை," என்றாள் சொலான்ஜ்.

அப்போது உள்ளே பெரிய சத்தம் கிளம்பியது. காசு கொடுத்து வந்தவர்கள் நாற்காலியை உடைக்கிறார்களோ? சொலான்ஜ் பதறிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கைதட்டல்! மொத்த அரங்கும் எழுந்து நின்று "பிராவோ, பிராவோ" என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, காலமெல்லாம் ஓப்ரா பார்க்கிறேன். இப்படி மக்கள் பாட்டை நிறுத்திட்டு எங்க நடுவுல நடந்துபோறதை எவனும் யோசிக்கல!" ஓப்ரா அத்தோடு முடிந்தது என்றே எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஐந்தாம் அங்கம் இல்லை என்பதில் சிலருக்கு இரட்டிப்பு சந்தோஷம்.

மேடை நடுவே திபோ தனியாக நின்று, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

சொலான்ஜுக்கு ரத்தம் கொதித்தது. பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் காத்திருந்து, அவர் வந்ததும் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"த்தூ! எங்க வயித்தெரிச்சல்ல நீ கைதட்டல் வாங்கறியா? திருட்டுப்பயலே!"

அதற்குள் துவால் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"விடும்மா, விடு! உங்க எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்தறதுக்கு வக்கீலுக்கே போன் போட்டுட்டேன். நல்லவேளை, இவர் ஓடிவந்து தடுத்தார். இறங்கி நடக்கச் சொன்னதே இவர்தானாம், ரகசியமா வெச்சிருந்தாராம். அப்ப வேலைநிறுத்தம்னு ஒண்ணு நடக்கவே இல்லையே! அடுத்த சீசனும் இதையேதான் போடறோம். கோரஸ்ல ஒரு தலை குறைஞ்சாக்கூட இந்தக் காட்சி நிக்காதுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறார். அதனால அந்த ஆறு பேர் விஷயத்தை மறந்துடு."

சொலான்ஜின் கை தானாகச் சட்டையை விட்டது. கசங்கிய காலரைச் சரிசெய்துகொண்டே, அவள் காதில் மட்டும் விழும்படி திபோ முணுமுணுத்தார்:

"நாளைக்குக் கொஞ்சம் மெதுவா நடங்க. ஒதிலை முன்னால விடுங்க."