புதுவண்டியின் திருஷ்டிக் கயிறு

குண்டடத்துக் கரிசல் தடத்தில் நேற்றைய மழையின் ஈரம் காலை வெயிலில் மின்னுகிறது. துணி பின்னும் மெஷினை ஏற்றிய டிரெய்லர் மேட்டடியில் நிற்கிறது. அதை மேலே இழுத்துக் கொடுக்கிற வண்டிக்குத்தான் இனித் தன் கம்பெனியின் சரக்கு ஓட்டமெல்லாம் என்று மெஷினுக்குச் சொந்தக்காரி சித்ரகலா சொல்லிவிட்டாள். நல்லானின் எட்டு வருடத்துப் பிக்கப் மூன்று முறை உறுமி, சேற்றை வாரியிறைத்து, தோற்று ஓரமாய் ஒதுங்கிவிட்டது. இப்போது பங்காளி முகிலனின் புதுப் பிக்கப் டிரெய்லருக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு நாலு சக்கரமும் இழுக்கும். நல்லானுடையதற்குப் பின்சக்கரம் இரண்டுதான். புது டயரின் ஆழமான பற்களைப் நல்லான் கண்ணெடுக்காமல் பார்க்கிறான். சறுக்கட்டும், சறுக்கட்டும் என்கிறது மனசு. கொக்கி மாட்டும்போது பின்பம்பரில் தொங்கிய கறுப்புத் திருஷ்டிக் கயிறு அறுந்து சேற்றில் விழுகிறது. “அண்ணா, அதக் கொஞ்சம் கட்டி உடுங்க. ஊர்க்கண்ணு பொல்லாதுங்க” என்கிறான் முகிலன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. “அவரு வந்ததுலருந்து உங்க வண்டியவேதானுங்க பாத்துட்டு நிக்கறாரு” என்று சித்ரகலா சிரிக்கிறாள். நல்லான் குனிந்து கயிற்றை எடுக்கிறான். சட்டையில் துடைத்துக் கட்டுகிறான். ஒரு முடிச்சு போதும், இரண்டாவதும் போடுகிறான். பிறகு தள்ளிப் போய், சோளக்காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்கிறான். முதுகுக்குப் பின்னால் டிரெய்லர் மேடேறுகிற சத்தம் கேட்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.