பெயர் மறைத்து அனுப்பப்படும்

இதை ஒரு மனுஷி படிப்பாள்.

அந்த நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது. சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது. டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, போனில் புகார் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவள் விட்டு வந்த புருஷன் மறுபடியும் போட்டிருந்தான். கல்யாணத்தன்று எடுத்த அவள் படம். கீழே நாலு வரி. காணவில்லை. மனநிலை சரியில்லாத என் மனைவி. பார்த்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்.

பார்த்தவர்கள் இரக்கப்பட்டார்கள். இரக்கப்பட்டுப் பகிர்ந்தார்கள்.

பெரிய சமூக வலைத்தளத்தில் இருந்தபோது அவள் எத்தனையோ தரம் புகார் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தரமும் கொடுத்த நொடியிலேயே பதில் வரும். இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை.

அந்த ஒரு நொடிக்குள் யாரும் படித்திருக்க முடியாது.

அதனால்தான் இங்கே வந்தாள். இங்கே முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் தன் கம்ப்யூட்டரிலேயே சொந்தமாக ஒரு சர்வர், அதாவது ஒரு சின்னத் தளம், வைத்துக்கொள்ளலாம். ஒரு சர்வரில் இருப்பவர் எழுதுவதை இன்னொரு சர்வரில் இருப்பவர் படிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகி, ரத்தமும் சதையுமாக.

அவள் இருந்த சர்வரை நாகர்கோவில் பக்கத்துப் புஷ்பம் அக்கா நடத்தினாள். அதில் எல்லோரும் பெண்கள். அங்கே இவளுக்குத் தவிட்டுக்குருவி என்று பெயர். எவனோ ஒருவன் தவிட்டுக்குருவியிடம் அசிங்கமாகப் பேசியபோது, டீ ஆறுவதற்குள் அக்கா அவனை விரட்டியடித்தாள். அன்றைக்குத் தவிட்டுக்குருவி கம்பெனி கக்கூஸில் நின்று அழுதாள்.

எழுதினாள்.

நான் காணாமல் போகவில்லை. எனக்குப் புத்தி நன்றாக இருக்கிறது.

நிறுத்தினாள். இதை மட்டும் சொன்னால் யார் நம்புவார்கள்? இதுவரை அவன் சொன்னதைத்தானே எல்லோரும் நம்பினார்கள்.

மேலும் எழுதினாள். திருப்பூரில் இருப்பது. கம்பெனியின் பெயர். துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. லேடீஸ் ஹாஸ்டல், அது இருக்கும் வீதி. வார்டன் அம்மாவின் நம்பர், சந்தேகமிருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். இடது காது ஏன் கேட்பதில்லை என்பதையும் எழுதினாள். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் ஒரு சின்னக் கட்டம். நீங்கள் புகார் செய்யும் இவர் வேறு சர்வரைச் சேர்ந்தவர். அந்த சர்வரின் நிர்வாகிக்கும் ஒரு நகல் அனுப்பவா? உங்கள் பெயர் மறைத்து அனுப்பப்படும்.

அப்படியென்றால் இரண்டு பேர் படிப்பார்கள்.

டிக் செய்தாள்.

மத்தியானம் முழுக்கக் கை தானாக ஓடியது. பக்கத்து மேஜையில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பூங்கோதை அவளையே பார்த்தாள்.

"என்னக்கா, மூஞ்சி இந்த மின்னு மின்னுது? ஊர்லிருந்து மாமா வர்றாங்களாக்கும்?"

அவள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்து போனைப் பார்த்தபோது, புஷ்பம் அக்காவின் செய்தி வந்து கிடந்தது.

"அந்தக் கட்டத்துல ஏன் டிக் போட்ட மக்ளே? அந்த சர்வர்ல இருக்கது ஒரே ஒருத்தன். அவனேதான் ஆளு, அவனேதான் நிர்வாகி."

ஆட்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். நகரச் சொல்லி யாரோ திட்டினார்கள்.

அவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். சொந்தமாக ஒரு சர்வர் வைப்பது அவனுக்கு ஒரு வேலையே இல்லை.

யார் வேண்டுமானாலும் என்பதில் அவனும் இருந்தான்.

அந்த சர்வரை அடியோடு வெட்டிவிட்டதாக அக்கா எழுதியிருந்தாள். அவனுக்குப் போன நகலைத் திரும்ப எடுக்க வழியில்லை என்றும் எழுதியிருந்தாள்.

அதைப் படிக்கும்போதே வார்டன் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவள் வீட்டுக்காரர் பேசினாராம். எவ்வளவு மரியாதையான மனுஷன், பேசும்போதே அழுதுவிட்டாராம். கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். ஒரு நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு தயாராக இருக்கச் சொன்னாள்.

சரிங்கம்மா என்றாள் அவள்.

ஹாஸ்டல் பக்கம் திரும்பவில்லை. போட்டிருந்த துணியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். முதலில் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறினாள். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் போர்டைப் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

போன் அதிர்ந்தது. அக்காதான்.

"எங்க நிக்க? அங்க இருக்காத, பஸ் ஏறு. எந்தப் பஸ்ஸு, எந்த வழி? சொல்லு மக்ளே, நான் வந்து நிக்கேன்."

அக்காவின் குரலை அவள் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்ததில்லை. முகம் இருக்க வேண்டிய வட்டத்தில் ஒரு செம்பருத்திப் பூ இருந்தது.

செம்பருத்திப் படத்தை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அவளுக்கு வேறு யாரும் இல்லை. அதுவும் தெரியும்.

எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். அனுப்பும் குறிக்கு மேலே கட்டைவிரல் நின்றது.

பஸ் கிளம்பியது. கண்டக்டர் சீட்டு சீட்டாகத் தாண்டி அவளிடம் வந்தார்.

"எங்கம்மா போவணும்?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் கொஞ்சம் குனிந்து, குரலைத் தணித்து, இன்னொரு தடவை கேட்டார்.

அவருக்கும் அவளால் சொல்ல முடியவில்லை.