முதல் மூன்று லிட்டர்

“முதல்ல வந்த மூணு லிட்டரையும் கொட்டியே ஆகணும். அது விஷம், குடிக்கிறதுக்கில்ல.”

சொன்னவள் லேப். வேதியியல் படித்ததால் கல்லூரி நண்பர்கள் வைத்த பெயர். ஜின் வடிகலனின் குழாயடியில் முதலில் நிரம்பிய கேனை அவள் தனியாக நகர்த்தி வைத்திருந்தாள். வடிப்பது அவள் வேலை. ஒவ்வொரு பாட்டிலிலும் ‘தயாரித்தவர்’ என்று விழப்போவது அவள் கையெழுத்து.

கூட்டாளி தாடி கேட்பதாக இல்லை. ஷெட் அவன் மாமாவுடையது, செப்பு வடிகலன் அவன் வாங்கியது. வெள்ளிக்கிழமை அறிமுக விழாவுக்கு நாற்பது பாட்டில் தருவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டான், சரியாக நான்கு குறைகிறது. அதுவும் கேனில் இருப்பதுதான் கமகமவென்று மூக்கைத் துளைக்கிறது. அதைப் போய்க் கொட்டச் சொல்கிறாளே என்று கடுப்பு.

“பாட்டிலுக்கு நாலு மூடி கலந்தா யாருக்கு என்ன ஆகப்போவுது? நீ இன்னும் பரீட்சை ஹாலை விட்டே வெளிய வரல.”

மூன்றாமவன் லேபிள். படம் வரைபவன். சண்டையில் சேராமல் மடிக்கணினியில் பாட்டிலின் பின்பக்கத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தான். இந்த ஊர்க் காட்டுப்பழத்தில் ஜின் வடிக்கலாம் என்ற யோசனையே லேப் பேச்சுவாக்கில் சொன்னதில் முளைத்தது. அவள் அப்பா இந்தப் பழச் சாராயம் குடித்தவர். குடிசையில் காய்ச்சினால் சாராயம், செப்பில் காய்ச்சினால் ஜின். தாடியும் லேபிளும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

“லேப், உங்கப்பா பத்தி ஒரு வரி சொல்லேன். நிஜமா இருக்கணும். குடிச்சிட்டு ஏதாவது சொல்லியிருப்பாரே.”

அவள் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கடைசியாகக் குடித்த அன்றைக்கு அப்பா ஒரு சொம்பு குடித்தார், பாடினார், தன்னைத் தோளில் தூக்கிச் சுற்றினார், அடித்துப் போட்டாற்போல் தூங்கினார் என்றாள்.

“எழுந்து?”

“‘ஏம்மா, இன்னும் விடியலையா’ன்னு கேட்டார்.”

லேபிள் நிமிர்ந்து உட்கார்ந்தான். கவிதை மாதிரி இருக்கிறது, பின்பக்கம் வேண்டாம், முன்பக்கமே பெரிய எழுத்தில் போட்டுவிடலாம் என்றான். தாடிக்கும் வாயெல்லாம் பல். ஒரு மனுஷனை எப்படித் தூங்க வைத்திருக்கிறது பார், சரக்கு என்றால் அதுதான் சரக்கு என்று சிரித்தபடியே கேனுக்குக் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. நேராகச் சாக்கடைத் துளைக்குப் போய்க் கேனைக் கவிழ்த்தாள்.

“தாராளமா எழுது. நேரத்தையும் சேர்த்துப் போடு. மத்தியானம் பன்னிரண்டு மணி. வாசல்ல, மொட்டை வெயில்ல, ரெண்டு கண்ணையும் திறந்துக்கிட்டுதான் கேட்டார்.”