நனையாத காகிதம்

"இந்த முருகம்மா மருமகளை என்ன பாடுபடுத்துறாளோ! பாவம், புள்ளைக்கு எந்நேரமும் கண்ணு கோவைப்பழமா செவந்து கெடக்கு."

குழாயடியில் சோணையம்மாள் சொன்னது முருகம்மாள் காதில் விழுந்துவிட்டது. குடத்தை நங்கென்று வைத்தாள்.

"ஏய் முத்துத்தாயி, கெளம்புடி! மதுரைக் கண்ணாஸ்பத்திரியில காட்டி, இவளுக வாயை அடைக்கிறேன்."

முத்துத்தாய் கிளம்பினாள். கல்யாணமாகி முதல் ஆடிக்குக்கூடப் பேரையூருக்கு, பெற்றவளிடம் அவளை அனுப்பவில்லை இந்த மாமியார். சீரில் குறை வைத்துவிட்டார்களாம். அடுத்த ஆடியும் வந்து போய்விட்டது, கோபம் மட்டும் போகவில்லை.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார்.

"தூசி ஒத்துக்கலைன்னாலும் இப்படித்தான் சிவக்கும், உறுத்தும். கண்ணு வறண்டாலும் இப்படித்தான். கண்ணீரை அளந்து பார்த்துடலாம்."

மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கீழ் இமைக்குள் மாட்டிவிட்டுக் காத்திருந்தார். எடுத்தபோது நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.

"வறட்சிதான். தேவைக்குக்கூடக் கண்ணீர் ஊறலை. சொட்டு மருந்து தரேன்."

"அப்ப, இவ அழுது அழுது செவக்கலையே?"

"அழுகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா."

முருகம்மாளுக்கு வாயெல்லாம் பல். "அந்தக் காயிதத்தைக் குடுங்க தாயி. குழாயடியில காட்டணும்!"

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

திரும்பும்போது பேரையூர் பஸ்தான் கிடைத்தது. முத்துத்தாய் பஸ்ஸின் ஊர்ப்பலகையை ஒரு தரம் பார்த்துவிட்டு ஏறினாள். முருகம்மாள் அதைக் கவனித்தாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து காகிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்தபடி வந்தாள். திருப்பரங்குன்றம் வரை ஒரே சவடால். அப்புறம் காகிதத்தையும் மருமகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இறங்கவேண்டிய திருமங்கலம் வந்தது. முத்துத்தாய் எழுந்தாள்.

"நீ எங்க எந்திரிக்கிற? உக்காரு. கண்டக்டர் தம்பி, இந்தப் புள்ளைக்குப் பேரையூருக்கு ஒரு டிக்கெட் போடுங்க."

"அத்தே...!"

முருகம்மாள் காகிதத்தைக் கசக்கி வெளியே எறிந்தாள்.

"அந்த டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? எனக்குப் பயந்து அழுகையை அடக்கி அடக்கித்தான் ஒனக்குக் கண்ணு காஞ்சுபோச்சு. போ, ஒங்க ஆத்தா மடியில படுத்து நல்லா அழுதுட்டு வா!"