டர்போ ஆறட்டும்

"லாரி வந்துடுச்சு!"

அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள் அவள். கையில் புத்தம்புது ஹெவி லைசென்ஸ்!

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். புருஷனிடம் மூச்சு விடாமல் லாரி பழகி, பாஸும் பண்ணிவிட்டாள். அவருடைய லாரியிலேயே ரெண்டாவது டிரைவராகப் போக வேண்டும். லாரி முதலாளி சரி என்றுவிட்டார். இனி அவர் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. குதிக்கலாம் போலவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வீட்டெதிரே காலி இடத்தில் லாரி நின்றது. இஞ்சின் மட்டும் நிற்கவில்லை. ஏற்றிவிட்ட கண்ணாடிக்குப் பின்னாலிருந்து 'இரு' என்று ஒரு கை ஆடியது.

தினமும் இதே கூத்துதான். கேட்டால், "டர்போ ஆறட்டும்மா" என்பார்.

அந்த இஞ்சினுக்கு டிரைவர்கள் நடுவே அவ்வளவு நல்ல பேர்! எத்தனையோ லட்சம் கிலோமீட்டர் ஓடியும் ஒரு தடவைகூடப் பிரித்து வேலை பார்த்ததில்லை. "சூட்டோட நிறுத்தினா இஞ்சினுக்குக் காத்தடிக்கிற டர்போ போச்சு. ஆற வச்சுத்தான் அணைக்கணும்" என்று எல்லாருக்கும் பாடம் எடுப்பார்.

அவளும் நம்பித் தொலைத்தாள், லாரி பழகப் போகிறவரைக்கும்.

"மேடு ஏறின வேகத்துல இஞ்சினை நிறுத்தாதீங்க" என்றார் அங்கே சொல்லிக்கொடுத்தவர். "ஆனா ஊருக்குள்ள உருட்டிக்கிட்டே வந்தா, வர்ற வழியிலேயே ஆறிடும். அதுக்கப்புறமும் ஓடவிட்டா டீசலுக்குப் பிடிச்ச கேடு!"

மெயின் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் சந்து சந்தாக உருட்டிக்கொண்டுதானே வருகிறார்? அப்படியானால் எது ஆறுவதற்காக உட்கார்ந்திருக்கிறார்?

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இங்கேருந்து நல்லாத் தெரியுதுடி! வாய் அசையுது, கை ஆடுது. யார்கிட்டயோ பேசிக்கிட்டே இருக்காரு!"

"போன்ல முதலாளியா இருக்கும்க்கா."

"தினமுமா? வீட்டுக்குள்ள வந்து பேச முடியாத அப்படி என்ன பேச்சு? குரலே உயர்த்தாத தங்கமான மனுஷன்னு நீதான் மெச்சிக்கிறே. அமைதியா இருக்கிறவங்களைத்தான்டி நம்பக் கூடாது."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. விறுவிறுவென்று போய், டிரைவருக்கு மறுபக்கத்துப் படியில் கால் வைத்து, கதவைப் படாரென்று திறந்தாள்.

"மனுஷனாடா நீ? அறிவு கெட்டவனே! நாள் பூரா வெயில்ல காக்க வச்சுட்டு, என்னையே நக்கல் பண்றியா? உன் மூஞ்சியும் முகரையும்!"

முன்கண்ணாடியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். போன் ஒரு ஓரமாகச் சார்ஜில் கிடந்தது. வேறு ஈ காக்கா இல்லை.

அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏ... ஏம்மா ஏறினே? டர்போ இன்னும் ஆறலியே!"

"டர்போ எப்பவோ ஆறிடுச்சு. என்கிட்டயே கதை விடாதீங்க. நான் ஹெவி டிரைவர்!"

லைசென்ஸை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு ஹாரனில் கையை வைத்தார் பாருங்கள், தெருவே வெளியே வந்துவிட்டது!

"அடி சக்கை! எப்ப பழகினே? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா, கள்ளி!"

"ரெண்டாவது டிரைவரா வரட்டுமா?"

"வரட்டுமாவா? இனிமே சாவி உன் கையில! நாளைக்கு நீதான் எடுக்கிறே!"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தாள். அந்தப் பெரிய இஞ்சின் அவள் கைக்கு அடங்கி நின்றது.

தெரு திடீரென்று அமைதியானது.

"அதெல்லாம் சரி, யாரைத் திட்டினீங்க?"

"குடோன் சூப்பர்வைசரை."

"அவன்கிட்டயே சொல்றதுதானே?"

"சொன்னா நாளைக்கு லோடு தர மாட்டான். பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்துடுவேன்."

"தினமுமா?"

"தினமும் ஒருத்தன் கிடைக்கிறானே! இஞ்சின் ஓடினா நான் கத்துறது வெளியே கேக்காது."

"அதுக்காக டீசலைக் கொட்டிக்கிட்டு இங்க உட்கார்ந்து கத்தணுமா? வீட்டுக்குள்ள வந்து கத்தினா என்ன?"

அவர் திறந்து கிடந்த வீட்டு வாசலைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள நீதானேம்மா இருக்கே? உன் காதுல இதெல்லாம் விழணுமா?"