சித்தப்பாவுக்கு வந்த வீக்கம்

குளவியைக் கவ்வப் போய் ஒரு நாய் மூக்கில் கொட்டு வாங்கிக்கொண்டது. மூஞ்சி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே பக்கத்துக் கூடையில், கால் சுளுக்கிய கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது.

கோழி கழுத்தை நீட்டிப் பார்த்தது. "ஐயையோ தம்பி! எங்க சித்தப்பாவுக்கும் இதே வீக்கம்தான். சாயங்காலமே போய்ச் சேர்ந்துட்டாரு."

நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்காரர் மடியில் பதுங்கியது.

"எங்க அத்தைக்கு வெறும் இருமல்தான். மறுநாள் மத்தியானம் தாண்டல" என்று கோழி உச்சுக்கொட்டியது.

டாக்டர் கூப்பிட்டதும், தான் புதைத்து வைத்த எலும்பு எந்த மரத்தடியில் இருக்கிறது என்பதைக்கூடக் கோழியிடம் சொல்லிவிட்டுத்தான் நாய் உள்ளே போனது.

ஒரே ஊசி. அரை மணியில் வீக்கம் வடிந்துவிட்டது. நாய் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா! உங்க சித்தப்பா மட்டும் எப்படி வீக்கத்துல செத்தாரு?"

"வீக்கத்துல செத்தாருன்னு யாரு சொன்னா? அன்னைக்கு வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருந்தாரு."

"அப்போ அத்தை?"

"மாப்பிள்ளை மறுநாளும் தங்கிட்டாரே!"